தொகைநூலில் படித்த ஒரே ஒரு கதை: கார்ட்வெய்னர் ஸ்மித்தை இனி எங்கிருந்து தொடர்வது?

வண்ணார்பேட்டை வாசகி:

அனைவருக்கும் வணக்கம். நான் தென்காசியில் ஒரு பள்ளியில் பதினோராம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறேன். வண்ணார்பேட்டையிலிருந்து நாள்தோறும் பேருந்தில் போய் வருவதால், வாசிப்பதற்கென்று எனக்கு வாய்த்திருப்பது அந்தப் பயண நேரம் மட்டுமே. அறிவியல் புனைகதையில் சுஜாதாவைத் தாண்டி நான் அதிகம் போனதில்லை. சென்ற மாதம், எனக்குக் கல்லூரியில் பாடம் நடத்திய பேராசிரியர் ஒருவர் தம் வீட்டு அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது, கட்டாயம் திருப்பித் தந்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒரு பழைய ஆங்கிலத் தொகைநூலைக் கையில் கொடுத்தார். அது ராபர்ட் சில்வர்பெர்க் தொகுத்து 1970-இல் வெளிவந்த 'சயின்ஸ் ஃபிக்‌ஷன் ஹால் ஆஃப் ஃபேம்' முதல் தொகுதி. நெபுலா விருது தொடங்குவதற்கு முன், அதாவது 1964 முடிய வெளிவந்த கதைகளில் சிறந்தவை எவையென்று அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் தமக்குள் வாக்களித்துத் தேர்ந்த 26 கதைகள் அதில் இருக்கின்றன.

அசிமோவும் கிளார்க்கும் இருப்பார்கள் என்று எதிர்பார்த்துத்தான் திறந்தேன். இருந்தார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் என்னைப் பிடித்து உட்கார வைத்தவர், அதுவரை நான் பெயரைக்கூடக் கேட்டிராத கார்ட்வெய்னர் ஸ்மித். கதையின் பெயர் 'ஸ்கேனர்ஸ் லிவ் இன் வெய்ன்'. தொடக்கத்திலேயே மார்ட்டெல் என்பவன் கோபத்தோடு அறையைக் கடக்கும்போது மேசையில் இடித்து விடுகிறான். மேசை சாய்கிறது. அது எழுப்பிய ஓசை அவனுக்குக் கேட்கவில்லை. மனைவி லூசியின் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் பெருத்த ஓசை எழுந்திருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்கிறான். பிறகு, தன் கால் ஒடிந்துவிட்டதா என்று குனிந்து பார்க்கிறான். வலிக்கிறதா என்று அல்ல, ஒடிந்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்கிறான். விண்வெளியின் வேதனையைத் தாங்குவதற்காகக் கண் ஒன்றைத் தவிர மற்றெல்லாப் புலன்களின் நரம்புகளையும் அறுத்துக்கொண்டவர்கள் இந்த ஸ்கேனர்கள். தம் உடம்பின் நிலையை மார்பில் பதித்த பெட்டியின் முட்களைப் பார்த்து அறிய வேண்டியவர்கள். நகத்தால் பலகையில் கிறுக்கி உரையாடுபவர்கள். ஆலங்குளம் எப்போது போனது, பாவூர்ச்சத்திரம் எப்போது வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

இருபது ஆண்டுகளாக அளவீட்டுக் கருவிகள் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன். தன் கோபத்தின் அளவையே ஒரு முள்ளைப் பார்த்து அறிகிற மனிதனை ஒருவர் கற்பனை செய்ய முடியும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

நூலைச் சொன்னபடி திருப்பிக் கொடுத்துவிட்டேன். எனக்கென்று ஒரு படி வேண்டும் என்று இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் பணம் கட்டினால், முதல் தொகுதிக்குப் பதிலாகப் பென் போவா தொகுத்த இரண்டாம் தொகுதியின் முதல் பகுதியை அனுப்பியிருக்கிறார்கள். அட்டையைப் பார்த்ததும் வந்த எரிச்சலில் அதே பொட்டலத்தில் மடித்து ஒட்டி வைத்திருக்கிறேன்; திருப்பி அனுப்ப இன்னும் ஆறு நாள் கெடு இருக்கிறது. கேட்க வந்தது இதுதான். ஒரே ஒரு கதையை நம்பி இந்த எழுத்தாளரைத் தேடிப் போகலாமா? போகலாம் என்றால் எங்கிருந்து தொடங்குவது? யார் இந்த மனிதர்?

பாளை பழைய நூலகர்:

அம்மா, முதலில் அந்தப் பொட்டலத்தைப் பிரியுங்கள். திருப்பி அனுப்பிவிடாதீர்கள். நீங்கள் வேண்டாம் என்று ஒட்டி வைத்திருக்கும் அந்தப் பகுதியில் இதே ஸ்மித்தின் 'தி பேலட் ஆஃப் லாஸ்ட் சிமெல்' இருக்கிறது. 1962-இல் 'கேலக்ஸி' இதழில் வந்த கதை. தவறான புத்தகம் சரியான வீட்டுக்கு வந்திருக்கிறது என்றுதான் நான் சொல்வேன்.

இனி யார் இவர் என்ற கேள்வி. கார்ட்வெய்னர் ஸ்மித் என்பது புனைபெயர். உண்மைப் பெயர் பால் லைன்பார்கர். பிறந்தது 1913, மறைந்தது 1966. இவருடைய தந்தை சீனத் தலைவர் சுன் யாட்-சென்னுக்குச் சட்ட ஆலோசகராக இருந்தவர். சுன் யாட்-சென்னே இந்தப் பிள்ளைக்கு ஞானத்தந்தை. குழந்தைப் பருவத்தில் சீனாவிலும் வேறு பல நாடுகளிலும் வளர்ந்து, ஒரு கண்ணின் பார்வையைச் சிறு வயதிலேயே இழந்து, 23 வயதில் அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்று, பின்னர் உளவியல் போர்முறை பற்றி 1948-இல் ஒரு நூல் எழுதினார். அந்தத் துறையினர் அதை நெடுங்காலம் பாடநூலாக வைத்திருந்தார்கள். பகலில் பேராசிரியர், ராணுவ ஆலோசகர்; இன்னொரு பக்கம் பூனைப் பெண்களும் நாய்ப் பெண்களும் உலவும் கதைகள். உயிரோடு இருந்தவரை வாசகர்களில் மிகச் சிலருக்கே இரண்டு பேரும் ஒருவர்தான் என்று தெரியும்.

நீங்கள் வாசித்த கதை எப்படிப் பிழைத்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான விடை அதில்தான் இருக்கிறது. 1945-இல் எழுதப்பட்ட கதை அது. பெரிய இதழ்கள் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பின. கடைசியில் 1950-இல் 'ஃபேண்டசி புக்' என்ற, அதிகம் பேர் பார்த்திராத ஒரு சிற்றிதழில் அச்சாயிற்று. அங்கேயே புதைந்து போயிருக்க வேண்டியது. அதே இதழில் ஃபிரெடரிக் போல் எழுதிய கதை ஒன்றும் வந்திருந்தது. தன் கதை எப்படி அச்சாகியிருக்கிறது என்று பார்க்கப் புரட்டியவர் இதைப் படித்துவிட்டார். 1952-இல் தாம் தொகுத்த 'பியாண்ட் தி எண்ட் ஆஃப் டைம்' என்ற தொகைநூலில் அதைச் சேர்த்தார். அந்தத் தொகைநூல் வழியாகத்தான் உலகம் ஸ்மித்தைக் கண்டது. பின்னாளில் போல் 'கேலக்ஸி' இதழின் ஆசிரியரானபோது ஸ்மித்தின் கதைகள் அங்கே தொடர்ந்து வந்தன.

ஆக, உங்களுக்கு நேர்ந்தது புதிதல்ல. தொகுப்பவர் ஒருவர் முன்னால் போய் முள்ளை விலக்கி வைத்திருக்கிறார்; நீங்கள் பின்னால் போகிறீர்கள். எனக்குத் தெரிந்த நல்ல வாசகர்கள் பலரும் எழுத்தாளரைத் தொடர்வதற்கு முன் தொகுப்பாசிரியரைத் தொடர்பவர்கள். சில்வர்பெர்க்கின் தேர்வு உங்களுக்குப் பொருந்திப் போனால், போல் எதைத் தேர்ந்தார், போவா எதைத் தேர்ந்தார் என்று பார்த்துக்கொண்டு போங்கள்.

நமக்கு இது அந்நியமான வழக்கமும் அன்று. எட்டுத்தொகை என்ற பெயரே தொகை என்றுதான் சொல்கிறது. குறுந்தொகையில் 40-ஆம் பாட்டை எழுதியவரின் பெயர் நமக்குத் தெரியாது. 'செம்புலப் பெயல்நீர்' என்று அவர் பாடிய உவமையையே பெயராக வைத்துச் செம்புலப்பெயனீரார் என்கிறோம். அடுத்த பாட்டுக்காரர் அணிலாடு முன்றிலார். அந்த ஒற்றைப் பாட்டைப் படித்துவிட்டு இன்னும் வேண்டும் என்று ஏங்கிய வாசகர்கள் எத்தனை தலைமுறை இருந்திருப்பார்கள், அவர்கள் எங்கே போய்த் தேடுவது? உங்களுக்கு அந்தத் துயரம் இல்லை. ஸ்மித்தின் சிறுகதைகள் அனைத்தையும் 1993-இல் 'தி ரீடிஸ்கவரி ஆஃப் மேன்' என்று ஒரே நூலாகவே போட்டிருக்கிறார்கள்.

கொற்கைக்காரன்:

அண்ணாச்சி சொன்ன வரலாற்றில் எனக்கு மறுப்பு இல்லை, அறிவுரையில்தான் இருக்கிறது. அவர் கடைசி வரியில் சொன்ன அந்த முழுத்தொகுப்பை நான் வாங்கினேன். டீச்சர், தயவுசெய்து அதிலிருந்து தொடங்காதீர்கள்.

காரணம் சொல்கிறேன். தொகைநூலில் ஒரு கதைக்கு முன்னும் பின்னும் வேறு வேறு குரல்கள் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவில் ஸ்மித்தின் குரல் வரும்போது, வெயிலில் நடந்து வந்தவனுக்குப் பதநீர் கொடுத்ததுபோல் இருக்கும். அதே பதநீரைக் குடம் குடமாகக் குடித்தால் என்ன ஆகும்? மூன்றாவது வாரத்தில் எனக்கு அவருடைய உத்திகள் முன்கூட்டியே தெரியத் தொடங்கிவிட்டன. பாட்டு ஒன்று வரும். புரியாத பெயர் ஒன்று வரும். எல்லோருக்கும் தெரிந்த பழைய கதை என்று சொல்லிக்கொண்டே நமக்குத் தெரியாத ஒன்றைச் சொல்வார். அவர் எழுதிய ஒரே அறிவியல் புனைவு நாவலான 'நார்ஸ்ட்ரீலியா' எனக்குப் பாதியில் நின்றது. நோயுற்ற ராட்சத ஆடுகளின் உடம்பிலிருந்து சாவைத் தள்ளிப்போடும் மருந்து எடுக்கிறார்கள் என்ற கற்பனை அருமையானது. ஆனால் அந்த நாவல் முதலில் 1964-இலும் 1968-இலும் இரண்டு துண்டுகளாக வெளிவந்து, 1975-இல்தான் ஒன்றாக வந்தது, அந்தத் தையல் எனக்குக் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

என் கருத்து, ஒரு தொகைநூலில் நம்மைக் கவர்ந்த கதை பெரும்பாலும் அந்த எழுத்தாளரின் உச்சியாகவே இருக்கும், ஏனென்றால் உச்சியைத்தானே தொகுப்பவர் எடுப்பார். ஆகையால் ஆண்டுக்கு மூன்று நான்கு கதைகள் போதும். மீதி நேரத்தில் அந்தத் தொகுதியில் இருக்கும் மற்ற 25 கதைகளையும் ஒழுங்காகப் படியுங்கள். டேனியல் கீயஸின் 'ஃப்ளவர்ஸ் ஃபார் அல்ஜெர்னன்' அங்கேதான் இருக்கிறது. அதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதாதது எனக்கு வியப்பாக இருக்கிறது.

இன்னொன்று, இது கதையை வாசிக்காதவர்கள் தாண்டிப் போக வேண்டிய பத்தி. விண்வெளியின் வேதனையை வெல்ல ஆடம் ஸ்டோன் கண்டுபிடிக்கும் வழி நினைவிருக்கிறதா? கப்பலின் சுவர் முழுக்க உயிருள்ள சிப்பிகளை அடுக்கி, வேதனை மனிதனை எட்டுவதற்கு முன் அவற்றைத் தாக்கும்படி செய்கிறார். முத்துக்குளித்த கடலோரத்தில் பிறந்த எனக்கு அந்த இடத்தில் சிரிப்பும் வந்தது, சங்கடமும் வந்தது. எங்கள் ஊரில் சிப்பி எப்போதுமே பிறருக்காகத்தான் செத்திருக்கிறது.

அம்பாசமுத்திரத்தான்:

கொற்கை அண்ணன் 'எல்லோருக்கும் தெரிந்த பழைய கதை என்று சொல்லிக்கொண்டே' என்பதைக் குறையாகச் சொல்கிறார். நான் ஸ்மித்திடம் விழுந்ததே அந்த இடத்தில்தான், அதனால் இதற்குச் சற்று நீளமாகவே பதில் எழுத வேண்டியிருக்கிறது.

கோயில் கொடையில், அதாவது ஊர்க்கோயில் திருவிழாவில், வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். நள்ளிரவில் புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டி முத்துப்பட்டன் கதையை எடுக்கும்போது, முன்னால் உட்கார்ந்திருக்கும் எவருக்கும் முடிவு தெரியாமல் இல்லை. பட்டன் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணப்பான். பூணூலை அறுத்து, குடுமியை எடுத்து, மாமனாரின் தொழிலான செருப்புத் தைப்பதைக் கற்பான். கடைசியில் மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டுச் சாவான். எட்டு வயதுப் பிள்ளைக்கும் இது தெரியும். தெரிந்தும் ஏன் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம் என்றால், செத்தவன் எப்படித் தெய்வமானான் என்பதை ஒவ்வொரு முறையும் கண்முன் நடத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. காரையாற்றில் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போனால், பட்டவராயன் சன்னிதியில் இன்றும் செருப்பைக் காணிக்கையாகக் கட்டியிருப்பதைப் பார்க்கலாம்.

இப்போது ஸ்மித்தின் 'தி டெட் லேடி ஆஃப் கிளவுன் டவுன்' என்ற கதைக்கு வாருங்கள். 1964-இல் வந்தது. தொடங்கும்போதே, முடிவு உங்களுக்கு முன்பே தெரியும் என்றுதான் சொல்கிறார். நாயிலிருந்து உருவாக்கப்பட்ட டிஜோன் என்ற சிறு பெண்ணின் கதை அது. பிரான்சு நாட்டு ஜோன் ஆஃப் ஆர்க்கின் வரலாற்றை அடியொற்றியது. ஸ்மித்தின் உலகில் விலங்குகளிலிருந்து மனித உருவில் உண்டாக்கப்பட்டவர்களுக்குக் கீழ்மாந்தர் என்று பொருள்படும் பெயர். பெயரின் ஆங்கில முதல் எழுத்தைப் பார்த்தே (cat என்றால் C, dog என்றால் D) இன்ன விலங்கின் வழி வந்தவர் என்று சொல்லிவிடலாம். பூனை வழி வந்தவள் சிமெல், நாய் வழி வந்தவள் டிஜோன். வேலை அனைத்தும் அவர்களுடையது, உரிமை ஒன்றும் கிடையாது. நோய் வந்தால் மருத்துவம் கிடையாது, ஏனென்றால் குணப்படுத்துவதைவிடப் புதிதாக ஒருவரை உண்டாக்குவது மலிவு. பெயரைக் கேட்டதும் ஆளை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யும் வழக்கத்தை நமக்கு அமெரிக்கர் ஒருவர் வந்து விளக்க வேண்டியதில்லை. ஆனால் அதைப் பூனைக்கும் நாய்க்கும் மாற்றிவைத்துச் சொன்னபோது, நான் இதுவரை பார்க்காமல் தாண்டிப் போன சில இடங்களில் நின்று பார்த்தேன்.

ஸ்மித் இந்தக் கதைசொல்லும் முறையைச் சீனக் கதைமரபிலிருந்து எடுத்தார் என்று விமர்சகர்கள் எழுதுகிறார்கள். இருக்கலாம். எனக்கு அது உடுக்கும் குடமுமாகத்தான் கேட்கிறது. கொற்கை அண்ணனுக்குச் சலித்தது ஏன் என்று எனக்கு ஒரு ஐயம் இருக்கிறது: அவர் மூன்று வாரத்தில் முப்பது கொடை பார்த்திருக்கிறார். கொடை ஆண்டுக்கு ஒருமுறைதான்.

போகிற போக்கில் ஒன்று. கார்ட்வெய்னர் என்ற பழைய ஆங்கிலச் சொல்லுக்குத் தோலில் செருப்புச் செய்பவர் என்று பொருள். ஸ்மித் என்றால் கொல்லர். சுன் யாட்-சென்னின் ஞானப்பிள்ளை, கர்னல், பேராசிரியர், தமக்கு வைத்துக்கொண்ட பெயர் இரண்டு கைத்தொழிலாளர்களுடையது. பட்டன் நினைவுக்கு வந்தால் அது என் தவறு இல்லை.

பாளை பழைய நூலகர்:

தம்பி அம்பாசமுத்திரத்தார் சொன்னதை நான் யோசித்ததே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். கொற்கைக்காரர் சொன்னதிலும் பாதி நியாயம் இருக்கிறது, முழுத்தொகுப்பை நான் கடைசியில் சொன்னது தொடங்குவதற்காக அல்ல. ஆனால் 'தி டெட் லேடி' நீளமான கதை, பேருந்தில் துண்டு துண்டாகப் படித்தால் கெட்டுவிடும். சிமெல்லை முடித்த பிறகு 'தி கேம் ஆஃப் ராட் அண்ட் டிராகன்' படியுங்கள். 1955-இல் வந்தது, சிறியது, கூட்டன்பர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. விண்கலங்களைத் தாக்கும் ஏதோ ஒன்று மனிதர் மனத்துக்கு டிராகனாகத் தெரிகிறது. துணைக்கு வரும் பூனைகளுக்கோ அது வெறும் எலி. ஆகவே பூனைகள் அஞ்சாமல் பாய்கின்றன. இவ்வளவுதான் கதை, ஆனால் ஒரு பூனைக்கும் மனிதனுக்கும் உள்ள நட்பை இதைவிட நன்றாக எழுதி நான் பார்த்ததில்லை.

மாணவர்களுக்குத் தமிழில் கொடுக்க ஏதும் உண்டா என்று நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். இந்த வகை எழுத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்ததில் நம்மூர்க்காரர் ஒருவருக்குப் பங்கு உண்டு. 'காஞ்சனை' எழுதிய புதுமைப்பித்தன்தான் மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலைப் 'பிரேத மனிதன்' என்று தமிழில் தந்தவர். ஸ்மித்தை அப்படித் தர யாராவது முன்வந்தால் நல்லது, டீச்சர்கள் உள்பட.

வண்ணார்பேட்டை வாசகி:

மூவருக்கும் நன்றி. கொற்கை அண்ணாச்சி, அல்ஜெர்னனைப் பற்றி நான் எழுதாததற்குக் காரணம், அதைப் படித்துவிட்டுப் பேருந்தில் அழுதேன், பக்கத்தில் இருந்த பாட்டி என்ன ஏது என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். அதைப் பொதுவில் எழுதக் கூச்சமாக இருந்தது.

பொட்டலத்தைப் பிரித்தேன். சிமெல்லை இரண்டு முறை படித்துவிட்டேன். முதல் முறை, ஸ்கேனர்களின் கதை எழுதிய அதே கை இதுவா என்று ஐயமாக இருந்தது. அதில் இருந்த இறுக்கம் இதில் இல்லை, ஒரு பழைய பாட்டை யாரோ திண்ணையில் உட்கார்ந்து முணுமுணுப்பதுபோல் போகிறது. இரண்டாம் முறை படிக்கும்போதுதான் இரண்டையும் கட்டும் கயிறு தென்பட்டது. மார்ட்டெலுக்குத் தன் உடம்பைப் படிக்க ஒரு பெட்டி வேண்டியிருக்கிறது. இந்தக் கதையில் ஜெஸ்டகாஸ்ட் பிரபுவுக்கு எதிரில் நிற்கும் ஒருத்தியின் மனத்தைப் படிக்க எந்தப் பெட்டியும் இல்லை. இதற்குமேல் சொன்னால் முடிவைச் சொன்னதாகிவிடும். ஆகவே என் பங்குக்கு, கொற்கை அண்ணாச்சியின் எச்சரிக்கையை ஏற்று மாதம் ஒன்று என்று வைத்துக்கொள்கிறேன். அடுத்தது பூனையும் டிராகனும். 'தி டெட் லேடி'யைக் கோடை விடுமுறைக்கு, வீட்டில் ஒரே அமர்வில் படிக்க ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

நேற்று வகுப்பில் அளவீட்டுப் பிழைகள் நடத்தும்போது, மார்ட்டெல் மேசையில் இடித்துக்கொண்டு காலைக் குனிந்து பார்க்கும் இடத்தைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். கடைசி பெஞ்சில் வழக்கமாக வாயே திறக்காத ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், அவரு அழுதா அவருக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாலும் ஈரம் தெரியாதே என்றான் இன்னொருவன். கண்ணாடியில் பார்க்க வேண்டும் என்று ஒருத்தி சொன்னாள். மணி அடிக்கும்வரை பிழைக்கணக்குக்குத் திரும்ப முடியவில்லை. அந்த மாணவிதான் இப்போது இரண்டாம் தொகுதியை வாங்கிப் போயிருக்கிறாள், அகராதியையும் சேர்த்து.

திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது. முதல் தொகுதிக்கு வேறொரு கடையில் பணம் கட்டியிருக்கிறேன். இம்முறை எது வருகிறது என்று பார்ப்போம்.